கம்பத்தில் தொங்கும் இணையம்: செலவு எங்கே போகிறது?

கிராமத்துக்குக் கண்ணாடி இழை இணையம் கொண்டுபோக ஏன் இவ்வளவு செலவு? இழை காரணமல்ல, தலைமுடியைவிடச் சற்றே தடித்த அது மலிவானதுதான். பணத்தை விழுங்குவது பள்ளம். தோண்டுகூலி, குறுக்கிடும் பாறை, வெட்டிய சாலையைச் சீரமைக்கும் கட்டணம் என்று அது நீளும்.

அதனால்தான் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம், கேபிளின் பெரும்பகுதியை மின்கம்பங்களிலேயே கட்டும்படி வகுக்கப்பட்டது.

கம்பம் ஏற்கெனவே நிற்கிறதே, பிறகென்ன செலவு? மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் தொய்யும். கேபிளும் அப்படியே. தொய்வைப் பாதியாகக் குறைத்தால் இழுவிசை இரட்டிப்பாகும். தளரவிட்டாலோ வைக்கோல் ஏற்றிய லாரி மாட்டி இழுத்துவிடும். கண்ணாடி இழை இழுவிசையைத் தாங்காது. கேபிளுக்குள்ளே இருக்கும் அராமிட் என்னும் வலுவான செயற்கை நூல்தான் பாரத்தைச் சுமக்கிறது. கேபிளில் உலோகமே இல்லாததால் மின்கம்பிக்குக் கீழே தொங்கவும் ஏற்றது. ஆனால் பாதை திரும்பும் இடத்தில் கம்பம் ஒருபக்கமாக இழுபடும். அங்கே கம்பத்தை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி வேண்டும். துருப்பிடித்த, சாய்ந்த கம்பங்களை மாற்றியே தீரவேண்டும். மலிவென்று தொடங்கும் கணக்கு இங்கேதான் ஏறுகிறது.

இதைவிடக் கடினமானது வீடுகளின் எண்ணிக்கை. ஒரு கிலோமீட்டர் கேபிளின் செலவை நகரத்தில் நூறு வீடுகள் பகிர்ந்தால், மலையோரத்தில் ஐந்து வீடுகள் சுமக்கவேண்டும். லாபம் பார்க்கும் நிறுவனம் அங்கே போகாது. அரசு போவதே நியாயம்.

கட்டியதோடு செலவு முடியாது. புயலில் மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்தால், இழைகளின் முனைகளை மின்பொறியால் உருக்கி ஒட்டவேண்டும். அதற்கான கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வண்டியும் ஆண்டுதோறும் தேவைப்படும்.