தாக்கும் செல்களும் தடுத்து நிறுத்தும் செல்களும்

பத்தாம் வகுப்பில் புற்றுநோய் பற்றி நடத்தும்போது, "எதிர்ப்பு சக்தி குறைந்தால் புற்றுநோய் வளரும்" என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். சிவகாசி அருகேயுள்ள எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா நேரத்துக்குச் சாப்பிடாம வேலைக்குப் போனதாலதான் வந்துச்சா சார்?" அவள் அம்மா சிகிச்சைக்காக மதுரைக்குப் போய்வருவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, அன்றிரவு படிக்க உட்கார்ந்தேன்.

நான் சொன்னது முழுப்பொய் அல்ல, அரைகுறை. நம் டி செல்கள் கிருமி புகுந்த செல்களையும் புற்றுச் செல்களையும் கண்டறிந்து அழிக்கின்றன. ஆனால் அவற்றுள் சில நம் சொந்த உறுப்புகளையே தாக்கக்கூடியவை. பெரும்பாலானவற்றைத் தைமஸ் சுரப்பி வடிகட்டிவிடும். தப்பி வருபவற்றை அடக்கிவைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றை அடையாளம் காட்டினார். அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும் ஃபாக்ஸ்பி3 மரபணுவில் பழுது ஏற்பட்டால் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் என்று 2001-இல் காட்டினர். இச்செல்கள் உருவாக அந்த மரபணுவே காரணம் என்பது பிறகு தெளிவானது. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மறுநாள் இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க அப்பா மாதிரி சார்" என்றான். அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். வெயில் ஏறினால் வேலையை நிறுத்தச் சொல்வாராம். நான் தேடியிருந்தாலும் இப்படி ஓர் உவமை கிடைத்திருக்காது.

புற்றுக்கட்டி செய்யும் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. சில வேதிப்பொருள்களைச் சுரந்து அந்தப் போர்மேன்களைத் தன் பக்கம் வரவழைக்கிறது. தாக்கும் செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூக்கின்-2 என்ற பொருளை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. அடக்கும் பொருள்களையும் வெளியிடுகின்றன. தாக்க வந்த செல்கள் கட்டிக்குப் பக்கத்திலேயே வேலையின்றி நிற்கின்றன. சக்தி இல்லாமல் அல்ல, "நிறுத்து" என்ற உத்தரவால்.

"அப்ப அதுகளை எல்லாம் எடுத்துட்டா?" என்றான் அதே பையன். எடுத்தால் உடல் தன் குடலையும் தோலையும் தைராய்டையும் தாக்கத் தொடங்கும். ஆகவே, கட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் குறைக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர்.

மணி அடித்த பிறகு அந்த மாணவி மேசை அருகே வந்தாள். "அப்ப அம்மா சாப்பிடாததால இல்லையா சார்?"

"அம்மா மேல தப்பில்லம்மா" என்றேன். அடுத்த பாடவேளையில் 'ஆ' பிரிவுக்கும் போய், நான் சொல்லியிருந்ததைத் திருத்தினேன்.