காவிரிக் கரையில் ஒரு கிராம விடுமுறை

மைசூர் வாழ் தமிழர்களுக்கு லீவு என்றால் ஒரே அர்த்தம்தான்: சொந்த ஊர்! பொங்கலுக்கு ஒரு முறை, கோடையில் ஒரு முறை, இடையில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ. அதற்குள் லீவும் தீர்ந்து, கையிருப்பும் தீர்ந்து விடுகிறது. இருபது வருஷம் இங்கே குடியிருந்தும் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம் தவிர வேறொன்றும் பார்க்காத குடும்பங்கள் ஏராளம்.

பிரிட்டனில் வேல்ஸ் என்ற மலைநாடு உண்டு. அங்கே விவசாயிகள் தங்கள் பண்ணை வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி வெளியூராருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். படுக்கையும் காலைப் பலகாரமும் வீட்டுக்காரர் பொறுப்பு. மலைச்சரிவில் நடப்பதும் ஆற்றங்கரையில் உட்காருவதும்தான் அங்கே விடுமுறை. அப்படிப்பட்ட விடுமுறை நமக்குச் சில மணி நேரப் பயணத்தில் கிடைக்கிறது. அதுவும் நம் காவிரிக் கரையிலேயே!

தயக்கம் ஏன்?

பணம் மட்டும் காரணமல்ல. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் நடந்த கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்ததை எல்லோரும் அறிவோம். "கிராமத்துப் பக்கம் போய்த் தமிழில் பேசினால் வம்பு" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஆற்று நீர்ச் சண்டை சூடாக இருக்கும் நாட்களில் பயணத்தைத் தள்ளிப் போடுவது விவேகம். ஆனால் அந்தப் பயத்தையே பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாமா? அவர்கள் பிறந்து வளரும் மண் இது. அதைக் கண்ணால் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரு நாள் இருந்தால்

ஸ்ரீரங்கப்பட்டணம் சுமார் 15 கி.மீ. பெங்களூர் ரயில் பாதையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கினால் கோட்டை, சற்று நடந்தால் ரங்கநாதர் கோயில். இவர் ஆதிரங்கன். சிவசமுத்திரத்தில் இருப்பவர் மத்தியரங்கன். நம் ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் அந்தியரங்கன். ஒரே ஆறு, மூன்று அரங்கம்!

திப்பு சுல்தான் 1799 மே 4-ம் தேதி வீழ்ந்ததும் இந்தக் கோட்டையில்தான். இரட்டைப் பாதை போடும்போது குறுக்கே நின்ற அவருடைய ஆயுதக் கிடங்கை இடிக்காமல், 2017-ல் முழுக் கட்டடமாகவே நகர்த்தி வைத்தார்கள். பிற்பகலில் ரங்கனதிட்டு போகலாம். படகில் சென்றால் நாரைகளையும், பாறை மேல் வெயில் காயும் முதலைகளையும் பார்க்கலாம். ஜனவரி முதல் மே வரை கூடுகள் நிறைந்திருக்கும்.

இரண்டு நாள் இருந்தால்

முதல் வழி மேலுக்கோட்டை. சுமார் 50 கி.மீ. ராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய திருநாராயணபுரம் இதுதான். மலை மேல் யோக நரசிம்மர், கீழே செல்வநாராயணர், அழகிய கல்யாணிக் குளம். பங்குனியில் வைரமுடி உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் கூடும். மற்ற நாட்களில் ஊர் அமைதியாக இருக்கும். இவ்வூர்ப் புளியோதரையைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது!

இரண்டாவது வழி சோமநாதபுரம், தலக்காடு, சிவசமுத்திரம். சோமநாதபுரத்துக் கேசவர் கோயில் 1268-ல் எழுந்தது. 2023-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தலக்காட்டில் கோயில்கள் மணலுக்குள் புதைந்து கிடக்கின்றன. பள்ளத்தில் இறங்கித்தான் சாமி கும்பிட வேண்டும். சோழர் ஆட்சியில் இதற்கு ராஜராஜபுரம் என்று பெயர். பிறகு ஹொய்சள மன்னர் விஷ்ணுவர்த்தனர் சோழரிடமிருந்து இதைப் பிடித்தார்.

சிவசமுத்திரத்தில் ககனசுக்கி, பரசுக்கி என இரண்டு அருவிகள். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் தண்ணீர் மிகுதி. 1902-ல் இங்கே உற்பத்தியான மின்சாரம் சுமார் 150 கி.மீ. கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்களில் எத்தனை தலைமுறைத் தமிழர்கள் உழைத்தார்கள்! அவர்கள் வேலை பார்த்த சுரங்கத்துக்குச் சக்தி கொடுத்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மூன்று நாள் இருந்தால்

குடகுக்குப் போகலாம். ரயில் கிடையாது, மடிக்கேரி பஸ்ஸில் சுமார் 120 கி.மீ. வழியில் பைலகுப்பேயில் 1960-களில் குடியேறிய திபெத்தியர்களின் மடாலயங்கள். அவர்களும் பிழைக்க வந்த ஊரைத் தம் ஊராக்கிக் கொண்டவர்கள்தான்.

காப்பித் தோட்டங்களில் மார்ச், ஏப்ரலில் மழை விழுந்ததும் வெள்ளைப் பூ பூக்கும். டிசம்பரிலிருந்து பழம் பறிப்பதைப் பார்க்கலாம். பறிப்பவர்களில் தமிழ்க்குரலும் கேட்கும். பாகமண்டலத்தைத் தாண்டினால் தலைக்காவிரி. ஐப்பசி பிறப்பில் இங்கே தீர்த்தம் பொங்கும் நாளைக் குடகர்கள் கொண்டாடுகிறார்கள். அதே ஐப்பசியில்தான் மாயவரத்தில் நம்மவர்கள் துலா ஸ்நானம் செய்கிறார்கள்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகுப் பயணம் வேண்டாம். மழையும் அட்டையும் மட்டுமல்ல, 2018 ஆகஸ்டில் ஏற்பட்டது போன்ற மண்சரிவும் உண்டு.

எங்கே தங்குவது?

ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் மடிக்கேரியிலும் மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா ஓட்டல்கள் இருக்கின்றன. மேலுக்கோட்டையில் மடங்களும் சத்திரங்களும் உண்டு. உற்சவ நாட்களில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். குடகில் தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே அறை தருகிறார்கள். இதை ஹோம்ஸ்டே என்கிறார்கள். சுற்றுலா இலாகாவில் பதிவு செய்த வீடுதானா என்று கேட்டுக் கொள்ளுங்கள். வாடகையில் சாப்பாடு சேர்ந்ததா, குழந்தைக்குத் தனிக் கட்டணமா என்பதையும் முன்பே பேசி விடுங்கள். கடம்புட்டும் பன்றிக் கறியும் குடகு விருந்து. சைவம் வேண்டுவோர் முதலிலேயே சொல்லி விடுவது நல்லது.

செலவைக் குறைக்க ஒரு வழி: கர்நாடக முகவரிச் சான்று உள்ள பெண்களுக்கு, மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண அரசு பஸ்களில் 2023 ஜூன் 11 முதல் கட்டணமில்லை. ஆதாரில் இன்னும் ஊர் முகவரியை வைத்திருப்போருக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

கவனம் தேவை

காவிரியில் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மேலே அமைதி, அடியில் சுழல். மணலும் பாறையும் காலை வாரி விடும். உள்ளூர்க்காரர் வேண்டாமென்ற துறையில் இறங்கவே கூடாது. காட்டோரங்களில் மாலைக்குப் பின் நடக்க வேண்டாம், யானைகள் உண்டு.

கடைசியாக ஒன்று. கிராமத்து வீட்டில் நுழைந்தால் முதலில் கேட்கும் வார்த்தை "ஊட்டா ஆயித்தா?" என்பதாகத்தான் இருக்கும். நம் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதேதான் அது. தெரிந்த கன்னடத்தில் பதில் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பேச விடுங்கள். அவர்களுக்கு நம்மை விட நன்றாகவே வரும்.

அடுத்த முறை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால், ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று வீட்டில் உட்கார வேண்டாம். ஊரிலே ஓடும் அதே ஆறு இங்கேயும் ஓடுகிறது.