இருப்புப்பாதையின் நலம் அறியும் கணிதம்

இருப்புப்பாதை கண்ணுக்குச் செவ்வையாகவே தோன்றும். ஆயினும் வண்டிகளின் பளுவாலும் மழையாலும் அடியிலுள்ள சரளைக்கற்கள் நெகிழ, தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் விலகியும் போகிறது. மில்லிமீட்டர் கணக்கிலான இக்குறைகளைக் கணிதம் எங்ஙனம் காட்டித் தருகிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

இந்திய இருப்புப்பாதைகளின் வளைவுகளில், வெளித் தண்டவாளத்தின் உட்புறத்தில் 20 மீட்டர் நீளமுள்ள நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்திற்கும் உள்ள இடைவெளியை அளப்பர். நூலின் நீளத்தை வர்க்கமாக்கி, வளைவின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் இருக்கவேண்டிய இடைவெளி கிடைக்கும். ஆரம் 1,000 மீட்டர் எனில் அது 50 மி.மீ. ஆகும்.

அடுத்தடுத்த இடங்களில் 50, 50, 50, 50 என அளவு வந்தால் வளைவு செம்மையானது. 40, 60, 40, 60 என வந்தாலும் சராசரி 50தான்; ஆனால் வண்டி குலுங்கும். சராசரி குறையை மறைத்துவிடுகிறது. எனவே, ஒவ்வோர் அளவும் சராசரியினின்று விலகும் தொலைவை வர்க்கமாக்கி, அவ்வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் காண்கின்றனர். இதுவே திட்டவிலக்கம். முன்னதற்கு 0, பின்னதற்கு 10. மறைந்திருந்த குறை வெளிப்பட்டுவிட்டது!

குறையின் அளவு மட்டுமன்றி, அது எத்தனை மீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதும் முக்கியமாகும். பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெப்பம் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை, சிக்கலான மேடுபள்ளங்களைத் தனித்தனி அலைகளாகப் பிரித்துக் காட்ட இன்று உதவுகிறது. 25 மீட்டருக்கு ஒருமுறை வரும் பள்ளம், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை நொடிக்கு ஒருமுறை அசைக்கும். பெட்டியைத் தாங்கும் வில்களின் இயல்பான அசைவும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே, ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் பெருகுகிறது.

எனினும் கணக்கு மட்டும் உயிர்களைக் காப்பதில்லை. இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு அருகே 17-10-2000 அன்று விரிசலுற்ற தண்டவாளம் நொறுங்கியதில் நால்வர் உயிரிழந்தனர். அத்தண்டவாளத்தின் குறை முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் உரிய காலத்தில் மாற்றப்படவில்லை. எச்சரிப்பது கணிதத்தின் பணி. அதற்குச் செவிசாய்ப்பது மனிதரின் கடமை என்பதை நாம் உணர்தல் வேண்டும்.