அடிபட்ட மகள்

வெருகலாற்றின் கரையில், சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் மணியோசை கேட்கும் தொலைவில் அமர்ந்து, மாவலியின் கிளையாகிய இந்த ஆறு கடலோடு சங்கமிப்பதை நோக்கும்போதெல்லாம், 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட இதே மாவலியின் நீர் கலாவாவியையும் சென்றடைகிறது என்ற நினைவும், அவ்வாவியைக் கட்டுவித்த தாதுசேன மன்னனின் குடும்பத்தில் ஐந்தாம் நூற்றாண்டில் நேர்ந்த கொடுமையும் என் சிந்தையில் ஒருங்கே எழுகின்றன.

தாதுசேனனின் மகன் காசியப்பன் தந்தையைக் கொல்வித்தது அரியணை மோகத்தால் என்றே பலரும் கூறுவர். ஆயினும் அந்தத் துயரம் ஆரம்பித்தது ஒரு பெண்ணின் கண்ணீரில். தாதுசேனன் தன் உயிரனைய மகளை, நம் கிழக்கிலங்கையில் இன்றும் மச்சான் முறையில் கொண்டு கொடுப்பதைப் போல, தன் சகோதரியின் மகனும் சேனாதிபதியுமான மிகாரனுக்கு மணம் செய்வித்தான். குற்றமேதும் அறியாத அவளின் தொடைகளில் மிகாரன் சவுக்கால் அடித்தான். குருதி தோய்ந்த அவள் ஆடையைக் கண்டு சினந்த தந்தை, மிகாரனின் தாயை, அதாவது தன் உடன்பிறந்தாளையே, நிர்வாணமாக்கி எரிப்பித்தான் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய சூளவம்சம். அடித்தவன் உயிரோடிருக்க, அவனைப் பெற்றவள் சாம்பலானாள்! மகள்மேல் கொண்ட வாத்சல்யத்தினால் விளைந்ததாயினும் இது மகா பாதகமே.

வஞ்சம் தீர்க்கக் காத்திருந்த மிகாரன், பட்டத்துரிமையற்ற தாயின் வயிற்றில் பிறந்த காசியப்பனைத் தூண்டினான், தந்தை சிறைப்பட்டான், பட்டத்தரசியின் மகன் முகலன் பாரத நாட்டுக்குத் தப்பியோடினான். ஒளித்த திரவியம் எங்கே என்று கேட்டவர்களைக் கலாவாவிக்கு அழைத்துச் சென்று, நீராடி, இரு கைகளிலும் அந்நீரை அள்ளி, இதுவே தன் செல்வமெல்லாம் என்று காட்டிய முதியவனை மிகாரன் உயிரோடு சுவருக்குள் வைத்து அடைத்தான்.

காசியப்பன் பின்னர் கோட்டை அமைத்த சிகிரியாவில் ரோம நாணயங்கள் கிடைத்துள்ளன. அந்நாணயங்கள் புழங்கிய உலகிலும் இல்லறம் இவ்வாறே புண்பட்டுக் கிடந்தது. 326இல் கொன்ஸ்தந்தைன் சக்கரவர்த்தி தன் மூத்த மைந்தன் கிறிஸ்பஸைக் கொல்வித்தான். கணவர் அடித்த தழும்புகளை முகத்தில் தாங்கிய தம்மூர்ப் பெண்களைப் பற்றிப் புனித அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். அவர்களுக்குத் தம் அன்னை மோனிக்கா அடக்கத்தையே உபதேசித்தார் என்கிறார். அந்த உபதேசத்தை என் நெஞ்சம் ஏற்கவில்லை.

தந்தை, மைந்தர் இருவர், மருமகன் ஆகிய நால்வரின் பெயர்களையும் சூளவம்சம் பேணி வைத்திருக்கிறது. அடிபட்ட மகளின் பெயரை அது சொல்லவில்லை.