தாயுமான தந்தை

மீன் என்றவுடன் செதிலும் வாற்செட்டையும் உடைய உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். கடற்குதிரைக்கு இவ்விரண்டுமில்லை. தலை குதிரையினது, வால் குரங்கினது, வயிற்றிலுள்ள பையோ கங்காருவை நினைவூட்டுவது. எனினும் செவுள்களாற் சுவாசிக்கும் மெய்யான மீனே அது. செதிலுக்குப் பதிலாக என்புத் தட்டுகள் உடலைக் கவசம்போற் சூழ்ந்துள்ளன.

நீந்துவதில் இது வல்லதன்று. முதுகிலுள்ள சிறு செட்டையைச் செக்கனுக்கு ஏறத்தாழ 35 தடவை அசைத்தும் ஆமை வேகத்திலேயே செல்லும். ஆதலின் ஆழங்குறைந்த கரையோரக் கடலிலே கடற்புல்லை வாலாற் பற்றிக்கொண்டு இரைக்காகக் காத்திருக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழல வல்லவை. பல்லில்லை, இரைப்பையுமில்லை. நுண்ணிய இறாலினங்களைக் குழல்போன்ற வாயால் உறிஞ்சி விழுங்கும். உண்டது விரைவிற் கழிந்துவிடுவதால் பகல் முழுதும் உண்டுகொண்டேயிருக்க வேண்டும்.

இனி விந்தைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியிலே தாயாகி வந்து பேறு பார்த்த பெருமானைத் தாயுமானவர் என்கின்றோம். கடற்குதிரையிலோ பேறு காண்பதே தந்தைதான்! பெண், முட்டைகளை ஆணின் பையினுள் இடுகின்றது. அங்கேயே அவை கருக்கொள்கின்றன. தந்தை அவற்றுக்கு ஒட்சிசன் அளித்து, பையினுள் இருக்கும் நீரின் உவர்ப்பையும் சீராக்கி, இரண்டு முதல் நான்கு வாரம் சுமக்கின்றது. பின்னர் உடலை முன்னும் பின்னும் வளைத்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியேற்றுகின்றது. அத்துடன் கடமை முடிந்தது. குஞ்சுகளைத் திரும்பியும் பாராது. அவற்றுட் பெரும்பாலானவை பிற மீன்களுக்கு இரையாகும்.

“அப்படியாயின் அதை ஏன் ஆண் என்கிறீர்கள், சேர்?” என மாணவர் கேட்பதுண்டு. நல்ல வினா. முட்டையைத் தருவது பெண், விந்தைத் தருவது ஆண். சுமப்பது யார் என்பது உயிரியலில் வேறு கணக்கு.

சில இனங்களிற் சோடிகள் நாள்தோறும் காலையிற் சந்தித்து, நிறம் மாற்றிக் கூடி ஆடுகின்றன. ஒன்று பிடிபட்டால் மற்றையதன் இனப்பெருக்கமும் தடைப்படுகின்றது. பிடிபடுபவையோ ஏராளம். உலர்த்திய கடற்குதிரைக்குச் சீன மருத்துவத்திற் பெருங் கிராக்கி. 2001இல் இந்தியா இதைப் பிடிப்பதைத் தடைசெய்தது. 2004 முதல் சர்வதேச வணிகமும் கட்டுப்படுத்தப்பட்டது. எனினும் பெரும்பாலானவை வேறு மீனுக்கு இழுக்கும் இழுவைமடியில் அகப்படுபவையே. அம்மடியை இலங்கை 2017இற் சட்டத்தால் விலக்கியது. பாக்கு நீரிணையை விட்டு அது இன்னும் முற்றாக நீங்கவில்லை.

ஆபத்து வந்தால் கடற்குதிரை ஓடாது. புல்லின் நிறத்தை ஏற்று அசையாது நிற்கும். நண்டை ஏய்க்க அது போதும். புல்லையே வேரோடு வாரும் மடியை ஏய்க்க அது போதாது.