மூன்று பேர் காட்டுக்குள் போனார்கள்: ‘காணாமல் போன’ ஒரு பேய்ப்படம்

அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கிளிநொச்சியிலிருந்து பிலிமத்தலாவைக்கு வந்து நான்கு நாட்கள் என்னுடன் நின்றான். ஒரு மழை இரவில், “மாமா, நல்லாப் பயப்பிடுற மாதிரி ஒரு படம் போடுங்கோ” என்றான். ‘த பிளேர் விட்ச் புரொஜெக்ட்’ படத்தைப் போட்டேன். 1999இல் வெளிவந்த அமெரிக்கப் படம்.

அது ஓர் எழுத்துக் குறிப்புடன் தொடங்குகிறது. 1994 ஒக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தின் பேர்கிட்ஸ்வில் அருகே, காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப்போன மூன்று மாணவர்கள் காணாமல் போனார்கள்; ஓராண்டுக்குப் பின் அவர்கள் எடுத்த காட்சிகள் மட்டும் கிடைத்தன என்கிறது குறிப்பு.

“இது உண்மையா நடந்ததோ?” என்று கேட்டான். இல்லை, கதைதான் என்றேன்.

அவனுடைய அப்பா 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர். இன்றுவரை வீடு வரவில்லை. அப்போது இவன் கைக்குழந்தை. படத்தைத் தெரிவுசெய்யும்போது நான் இதை யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

சிறு செலவில் பெரிய பயம்

மந்திரம் தெரியாதவர்கள் மாந்திரீகத்துடன் விளையாடப்போய் மாட்டிக்கொள்வது பழைய கதை. கட்டாடியை அழைத்துக்கொண்டு நள்ளிரவில் புதையல் தோண்டப் போனவர்கள் கைதான செய்தியை நம் பத்திரிகைகளிலும் அடிக்கடி படிக்கிறோம். 1981இல் சாம் ரெய்மி இயக்கிய ‘த ஈவில் டெட்’ படத்தில், காட்டு வீடொன்றில் தங்கும் இளைஞர்கள் ஒலிநாடா ஒன்றைப் போட்டுக் கேட்கிறார்கள். அதில் பதிவாகியிருந்த மந்திரம் பேய்களை எழுப்பிவிடுகிறது. அங்கே இரத்தம் ஆறாக ஓடும்.

‘பிளேர் விட்ச்’ நேர்மாறானது. சூனியக்காரியைத் தேடிப்போகும் மூவரும் வழி தவறுகிறார்கள். காலையில் கூடாரத்துக்கு வெளியே கற்குவியல்கள் இருக்கின்றன. மரங்களில் குச்சிகளால் கட்டிய மனித உருவங்கள் தொங்குகின்றன. இரவில் சத்தங்கள் கேட்கின்றன. சூனியக்காரியோ கடைசிவரை திரையில் தோன்றுவதேயில்லை.

இயக்குநர்கள் டானியல் மைரிக்கும் எட்வார்டோ சாஞ்செஸும் 1997 ஒக்டோபரில் எட்டே நாட்களில் இதைப் படம்பிடித்தார்கள். கமராவைத் தூக்கியவர்கள் நடிகர்களே. வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்ற குறிப்பு மட்டும் காட்டில் குறித்த இடங்களில் வைக்கப்பட்டிருந்தது. நாளுக்கு நாள் உணவைக் குறைத்தார்கள். இரவில் கூடாரத்தைச் சுற்றிச் சத்தமெழுப்பினார்கள். ஆகவே திரையில் தெரியும் களைப்பும் எரிச்சலும் முழுக்க நடிப்பல்ல. தொடக்கச் செலவு சில பத்தாயிரம் டொலர்கள்தான். வசூலோ 24 கோடி டொலர்களுக்கும் அதிகம்.

விளம்பரமான அறிவித்தல்

இந்த வெற்றியில் பாதி படத்துக்கு வெளியே கிடைத்தது. ஹெதர் டொனஹியூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லெனார்ட் ஆகிய மூவரும் சொந்தப் பெயரிலேயே நடித்திருந்தார்கள். அவர்களுடைய படங்களைப் போட்டு ‘காணவில்லை’ என்ற அறிவித்தல்களை அச்சிட்டு ஒட்டினார்கள். கதையை உண்மைச் சம்பவமாகவே ஓர் இணையத்தளம் விவரித்தது. நடிகர்களை ஊடகங்களின் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். பலர் நம்பினார்கள். ஹெதரின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்து சேர்ந்தன.

முகமும் பெயரும் வயதும் போட்ட அந்தத் தாள் அமெரிக்கப் பார்வையாளருக்குப் புதிய திகிலாக இருந்திருக்கலாம். எங்களுக்கு அது வீட்டுப் பொருள். அக்காவிடமும் ஒன்று இருக்கிறது. மழைக்கு நனையாதபடி பிளாஸ்ரிக் உறை போட்டு, அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கிய நாட்களில், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கே போய் இருந்தாள்.

காட்டுப் பயமும் அப்படித்தான். வன்னியில் வளர்ந்த எங்களைப் பயமுறுத்தியது குச்சி உருவமல்ல. மண்டையோடு வரைந்த சிவப்பு நிற மிதிவெடிப் பலகை. வேறு சில நாட்களில் அதே காடுதான் எங்களை ஒளித்தும் வைத்தது.

இந்தப் பயம் தமிழருக்கு மட்டும் உரியதுமல்ல. நான் இப்போது இருக்கும் இந்தக் கண்டிப் பகுதியிலும், 1980களின் இறுதியில் இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத சிங்கள இளைஞர்கள் ஏராளம். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. அவை எந்தக் காலத்தவை என்பது சர்ச்சைக்குரியது. ஆனாலும் அந்தச் செய்தியைக் கேட்டு, தம் பிள்ளையாக இருக்குமோ என்று நினைத்த குடும்பங்கள் இருந்தன.

போனோரும் ஆக்கப்பட்டோரும்

படம் முடிந்தபோது கடுகண்ணாவைப் பக்கமிருந்து ரயில் ஏறிவரும் சத்தம் கேட்டது. பயமாக இருந்ததா என்று கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

“அவையளைத் தேடி ஒருத்தரும் வரேல்லையோ, மாமா?” என்றான்.

படத்தின் சூட்சுமம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. செய்தவர் யாரென்று காட்டாவிட்டால்தான் இந்த வகைப் படம் நிற்கும். தேடுபவர் வந்துவிட்டால் கதை திகிலாக இராது, விசாரணையாக மாறிவிடும். அதனால்தான் கமரா விழும் இடத்திலேயே படம் முடிகிறது.

‘காணாமல் போனோர்’ என்ற சொல்லும் அதே வேலையைச் செய்கிறது. போனவர் தானாகப் போனார் என்றாகிறது. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அலுவலகத்தின் பெயர்கூட ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’தான். தாய்மாரோ ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே விடாமல் சொல்கிறார்கள். ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பேயல்ல. அவருக்குப் பெயரும் பதவியும் உண்டு.

படத்தில் காணாமல் போன மூவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். படம் வென்றதும் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். ஹெதர் பின்னாளில் தன் பெயரையே மாற்றிக்கொண்டார். 2024 ஏப்ரலில் மூவரும் பகிரங்கக் கடிதம் எழுதி, தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து உழைத்த படத்துக்கு நியாயமான கொடுப்பனவு கேட்டார்கள். தம் முகம் எப்படிப் பயன்படவேண்டும் என்று சொல்ல அவர்களால் முடிந்தது.

இதை மருமகனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அவையள் வந்திட்டினம்” என்றான். பிறகு அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும் என்று எழும்பினான். மணி பதினொன்று. அக்கா இன்னும் நித்திரை கொள்ளவில்லை.