சோழமண்டலத்தின் பெயரைச் சுமக்கும் ஊசித்தட்டான்: ஏரிக்கரையில் அதற்கு இடம் இருக்கிறதா?

காலையில் ஏரிக்கரைப் பக்கம் வாக்கிங் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இதை நிச்சயம் கடந்து போயிருப்பீர்கள். முழங்கால் உயரப் புல்லில் மஞ்சள் குச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மொபைலை எடுத்து ஃபோகஸ் செய்வதற்குள் எழும்பி, ரெண்டடி தள்ளி இன்னொரு புல்லில் போய் உட்காரும்.

இதன் ஆங்கிலப் பெயர் ‘கோரமண்டல் மார்ஷ் டார்ட்’. அறிவியல் பெயர் ‘செரியாக்ரியான் கோரமண்டெலியானம்’. 1798-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்தபோது, நம் கிழக்குக் கடற்கரையின் பெயரையே இதற்கு வைத்தார். கோரமண்டல் என்பது ‘சோழமண்டலம்’ ஐரோப்பியர் வாயில் மாறிய வடிவம் என்பதே பரவலான கருத்து. அதாவது, இந்தச் சின்னப் பூச்சியின் பெயருக்குள் சோழ நாடு ஒளிந்திருக்கிறது!

தட்டானா, ஊசித்தட்டானா?

இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த உறவுக்காரப் பூச்சிகள்தான். ஆனால், பார்த்ததும் பிரித்துச் சொல்லிவிடலாம். தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விமானம் மாதிரி விரித்து வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை இறக்கைகளை முதுகின் மேல் ஒன்றுசேர்த்து மடித்துக்கொள்ளும். உடல் ஊசிபோல மெலிதாக இருக்கும். கண்கள் இரண்டும் தலையின் இரு பக்கமும் தள்ளி நிற்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

நீளம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்தான். ஆணின் வால்போல நீண்ட வயிற்றுப்பகுதி முழுக்கப் பளிச்சென்ற மஞ்சள். அதில் கறுப்புக் கோடோ புள்ளியோ கிடையாது. நெஞ்சுப்பகுதியும் கண்களும் ஆலிவ் காய் போன்ற மங்கிய பச்சை. இறக்கைகள் கண்ணாடி மாதிரி இருக்கும். பெண்ணுக்கு அந்தப் பளிச் மஞ்சள் இல்லை. பொன்னிறம் கலந்த பழுப்பாக, காய்ந்த புல்லோடு புல்லாகக் கலந்துவிடும்.

எங்கே வாழும்?

இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளிலும் இலங்கையிலும் இது சர்வசாதாரணம். குளம், வயல், சதுப்பு நிலம், தோட்டத்துத் தொட்டி என்று தேங்கிய நீர் இருந்தால் போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நீரில் செடி இருக்க வேண்டும்.

காரணம், இது முட்டையைத் தண்ணீரில் சும்மா போட்டுவிட்டுப் போவதில்லை. பெண் பூச்சி அல்லி இலை, நீர்ச்செடித் தண்டு போன்றவற்றைத் துளைத்து, அதற்குள் முட்டையைச் செருகி வைக்கும். அந்த நேரம் முழுக்க ஆண் பூச்சி அதன் கழுத்துப் பகுதியை வால் நுனியால் பிடித்தபடி, பெரும்பாலும் செங்குத்தாக நின்று காவல் காக்கும்.

முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி, வால் நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்களோடு நீருக்குள் வளரும். கொசுப்புழு உள்ளிட்ட சின்ன உயிர்களைப் பிடித்துச் சாப்பிடும். வளர்ந்ததும் ஒரு தண்டைப் பற்றி மேலே ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறக்கும். பறக்கத் தொடங்கிய பிறகும் கொசு, சிறு ஈ என்று வேட்டை தொடரும்.

ஆக, முட்டை வைக்க ஒரு செடி, ஒளிந்து வளர ஒரு செடி, மேலே ஏறி வர ஒரு தண்டு. இது வாழ்வதே நீரும் கரையும் சேரும் அந்த ஓரத்தில்தான்.

சிக்கல் எங்கே?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது ‘குறைந்த கவலை’ பிரிவில்தான் இருக்கிறது. அழியும் ஆபத்து இப்போது இல்லை. ஆனால், நாட்டில் நிறைய இருக்கிறது என்பதும் நம் தெரு ஏரியில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

‘ஏரியை அழகுபடுத்துகிறோம்’ என்றாலே பல இடங்களில் முதலில் நடப்பது என்ன? கரையோரக் கோரையும் நாணலும் சுத்தமாக வழிக்கப்படும். சரிவில் சிமென்ட் பூசப்படும். மேலே நடைபாதை, விளக்கு, செல்ஃபி பாயின்ட். தண்ணீர் இருக்கும், ஆனால் முட்டை வைக்க ஒரு தண்டு இருக்காது. கொசுவைத் தின்னும் பூச்சியை வெளியே அனுப்பிவிட்டு, சாயங்காலம் கொசு மருந்து அடிப்போம்.

ஆகாயத்தாமரை ஏரியையே மூடினால் அகற்றத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதே வேகத்தில் கரையோர நாட்டுச் செடிகளையும் ‘களை’ என்று சேர்த்து வாரிப்போடக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஏரி சீரமைப்பு பற்றிப் பேச்சு வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கரையில் கொஞ்ச தூரத்துக்காவது கோரையை விட்டுவைக்கலாமா?’ சுற்றளவு முழுக்கத் தேவையில்லை, ஒரு பக்கம் மண் கரையாக இருந்தாலே போதும். அடுத்த வாக்கிங்கில் அந்த மஞ்சள் குச்சியைப் பார்த்தால் படம் எடுத்து, இடம், தேதியோடு ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியில் ஏற்றுங்கள். ‘இங்கே இது வாழ்கிறது’ என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சோழமண்டலத்தின் பெயரை இந்தப் பூச்சி இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறது. அதற்கு அந்த மண்ணில் நாலடி கோரைப்புல்லை விட்டுவைப்பது பெரிய விஷயமா என்ன?